யானையை வெல்லும் விலங்கு

மசினகுடிக்குப் போயிருக்கிறீர்களா? உதகையிலிருந்து கல்லட்டி வழியாக இறங்கினால் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள். தேயிலையின் பசுமையும் மலையின் குளிரும் மேலேயே தங்கிவிடுகின்றன. கீழே முட்புதர்களும் மூங்கிலும் நிறைந்த வறண்ட மேட்டு நிலம் விரிகிறது. அதன் வடக்கே ஆழமான பள்ளத்தாக்கில் மாயாறு ஓடுகிறது. அதைத் தாண்டினால் கர்நாடகம்.

எங்கள் கல்லூரி மாணவர்கள் பன்னிருவரை ஓர் இயற்கை முகாமுக்காக அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். நான் கற்பிப்பது இயற்பியல். ஆனால் குழுவில் தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவர் ஒருவரும் இருந்தார். முதல் நாள் மாலை அவர் ஒரு விளையாட்டைத் தொடங்கிவைத்தார்.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் ஒரு பட்டியல் வருகிறது. தலைவியைக் காண இரவில் மலைவழியே தலைவன் வருகிறான். அந்த வழியில் என்னென்ன ஆபத்துகள் உண்டு என்று எண்ணித் தலைவி நடுங்குகிறாள். அதைத் தோழி செவிலித்தாயிடம் எடுத்துச் சொல்கிறாள். புலி, ஆளி, கரடி, காட்டுமாடு, களிறு, பாம்பு, முதலை என்று பட்டியல் நீளுகிறது. இவற்றில் மசினகுடிப் பக்கம் எவையெவை உள்ளன என்பதே விளையாட்டு.

எங்களுடன் இருந்த வேட்டைத் தடுப்புக் காவலர் உள்ளூர்க்காரர். ஒவ்வொரு பெயருக்கும் தலையசைத்துக்கொண்டே வந்தார். புலி உண்டு. கரடி உண்டு. ஆமா என்று கபிலர் சொன்ன காட்டுமாடு உண்டு. யானைக்குக் கேட்கவே வேண்டாம். மாயாற்றில் முதலையும் உண்டு. ஆளி என்றதும் அவர் விழித்தார். யாளியைத்தான் ஆளி என்றும் சொல்வார்கள் என்று மாணவர் விளக்கியதும் சிரித்துவிட்டார்.

“யாளியா? அது கோயில் தூணுல இல்ல இருக்கு, சார்!”

எல்லோரும் சிரித்தோம். ஆனால் ஒரு மாணவி மட்டும் சிரிக்காமல் கேட்டாள்: “பட்டியலில் மற்ற விலங்குகள் எல்லாம் உண்மை. இது மட்டும் எப்படி சார் பொய்யாகும்? அற்றுப்போன ஒரு விலங்காக இருக்கலாமே?”

நியாயமான கேள்வி. அன்று நான் தந்த விடை அரைகுறையானது. பிறகு படித்தும் யோசித்தும் அறிந்ததை இங்கே சொல்கிறேன்.

பாட்டில் வரும் ஆளி

ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முற்பட்ட சங்கப் பாடல்கள் ஆளியைப் பற்றி என்ன சொல்கின்றன? அகநானூற்றுப் பாடல் ஒன்றில் ஆளி யானையைத் தாக்கி அதன் வெண்மையான தந்தத்தைப் பிடுங்குகிறது. அதே நூலின் இன்னொரு பாடலில் ஆளிக்கு அஞ்சிய ஓர் ஆண் யானை தன் கூட்டத்தைக் காத்து நிற்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் கரும்பு ஆலைகளின் ஓசைக்கு உவமையாக, யாளி தாக்கியபோது யானைக் கூட்டம் எழுப்பும் கதறல் வருகிறது. பொருநராற்றுப்படையோ, இளம் வயதிலேயே பகைவரை வென்ற கரிகாலனை, தாய்ப்பால் மறவாத ஆளிக் குட்டி தன் முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொன்றதற்கு ஒப்பிடுகிறது.

இவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஆளியின் நிறம் என்ன? எத்தனை அடி நீளம்? எந்த மரநிழலில் படுக்கும்? எத்தனை குட்டி போடும்? இவற்றுக்கு இப்பாடல்களில் விடையில்லை. திரும்பத் திரும்பக் கிடைப்பது ஒரே செய்திதான்: அது யானையை வெல்லும்.

சங்கப் புலவர்கள் இயற்கையைக் கூர்ந்து நோக்கியவர்கள். யானை மூங்கில் முளையை எப்படி ஒடிக்கும், குரங்குக் குட்டி தாயின் வயிற்றை எப்படிப் பற்றிக்கொள்ளும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அத்தகையவர்கள் ஆளியைப் பற்றி இவ்வளவு குறைவாகச் சொல்வது ஒரு தடயம் அன்றோ?

இன்னொரு தடயம் கபிலரின் பட்டியலிலேயே இருக்கிறது. அதில் விலங்குகள் மட்டும் இல்லை. இடியும் வருகிறது, சூர் என்னும் அச்சம் தரும் தெய்வமும் வருகிறது. அது விலங்கியல் பட்டியல் அன்று, அச்சங்களின் பட்டியல். இருட்டில் மலைவழி நடப்பவன் மனத்தில் புலியும் இடியும் தெய்வமும் ஒரே வரிசையில்தான் நிற்கும். ஆகவே ஆளி அந்த வரிசையில் நிற்பதனால் மட்டும் அது காட்டில் திரிந்தது என்று முடிவுகட்ட முடியாது.

கல்லில் வந்த யாளி

பாட்டில் உருவம் தெளிவாக இல்லாத விலங்குக்குச் சிற்பிகள் உருவம் கொடுத்தார்கள். மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் ‘புலிக்குகை’ என்று மக்கள் அழைக்கும் பல்லவர் காலத்துப் பாறைக் குடைவு உள்ளது. அது குகையும் அன்று. அதில் இருப்பது புலியும் அன்று. ஒரு சிறு மாடத்தைச் சுற்றி யாளித் தலைகள் வளைவாக வாய்பிளந்து நிற்கின்றன. அதே பாறையின் ஒரு பக்கத்தில் இரண்டு யானைத் தலைகளும் செதுக்கப்பட்டுள்ளன. யாளி இருக்கும் இடத்தில் யானையும் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோழர் கோயில்களில் யாளி அடித்தளத்தில் வரிசையாக அமர்ந்தது. அதை ‘யாளி வரி’ என்பர். விஜயநகர, நாயக்கர் காலத்தில் அது தூணளவுக்கு வளர்ந்து பின்னங்கால்களில் நிமிர்ந்துவிட்டது. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வேலூர்க் கோட்டைக் கோயிலின் கல்யாண மண்டபத்திலும் மதுரை ஆயிரங்கால் மண்டபத்திலும் இதைக் காணலாம். சிங்க முகமும் சிங்க உடலும் கொண்டது சிம்ம யாளி. சிங்க உடலில் துதிக்கையோடு இருப்பது கஜ யாளி. வீணையின் தண்டு முனையிலும் யாளி முகமே இருக்கிறது.

சில கோயில்களில் யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை இருக்கும். விரலால் தள்ளினால் உருளும். வெளியே எடுக்க வராது. இதில் மந்திரம் எதுவும் இல்லை. உருண்டையின் விட்டம் பல்லிடுக்கின் அகலத்தைவிடப் பெரியது, அவ்வளவுதான். உருண்டையை வெளியே செய்து உள்ளே போடவில்லை. தூண் முழுவதும் ஒரே கல். பற்களின் இடைவெளி வழியாகச் சிற்றுளியைச் செலுத்தி, உள்ளே இருந்த கல்லையே சிறிது சிறிதாக அறுத்து விடுவித்திருக்கிறார்கள். ஓர் அடி தவறினால் பல் உடையும். பல் உடைந்தால் தூணே வீண். சிற்பியின் கைத்திறனுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அடுத்து யாளியின் காலடியைப் பாருங்கள். பல தூண்களில் அங்கே ஒரு யானை இருக்கும். நாய்க்குட்டி அளவுக்குச் சிறுத்து, யாளியின் பாதத்தின் கீழ் நசுங்கியோ, அதன் துதிக்கையில் தொங்கியோ காணப்படும். யானையைச் சிறிதாக்கிக் காட்டித்தான் சிற்பி யாளியைப் பெரிதாக்கினான். பாட்டில் கண்ட அதே செய்தி!

யானையே அளவுகோல்

இது தமிழ்நாட்டோடு நிற்கும் வழக்கம் அன்று. மாயாற்றைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் போனால் அந்த மாநில அரசின் இலச்சினையைக் காண்பீர்கள். நடுவே கண்டபேருண்டம் என்னும் இருதலைப் பறவை. இரு பக்கமும் யானைத் தலையும் சிங்க உடலும் கொண்ட விலங்குகள். 1529 முதல் 1542 வரை ஆண்ட விஜயநகர மன்னர் அச்சுத தேவராயரின் பொற்காசுகளில் இதே கண்டபேருண்டம் அலகுகளிலும் கால்களிலும் யானைகளைக் கவ்விப் பறக்கிறது. விரல் நுனி அளவே உள்ள காசு அது. அதில் பறவையின் வலிமையைக் காட்ட வேறென்ன வழி?

அரபிக் கதைகளில் சிந்துபாத் கண்ட ருக் பறவையும் யானையைத் தூக்கிச் செல்லும். 13ஆம் நூற்றாண்டில் கீழைநாடுகளில் பயணம் செய்த மார்க்கோ போலோ, இப்பறவை மடகாஸ்கர் தீவின் பக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டு எழுதிவைத்தார். இங்கே நம் மாணவியின் கேள்விக்கு வலுச்சேர்க்கும் ஓர் உண்மை உண்டு. மடகாஸ்கரில் ஏறத்தாழ 3 மீட்டர் உயரமுள்ள ஒரு பறவை உண்மையிலேயே வாழ்ந்து, சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போயிற்று. அதன் முட்டைகள் பாரிசுக்கு வந்து, 1851இல் அறிவியலார் அதற்கு ஈப்பியோர்னிஸ் என்று பெயரிட்டார்கள். ஒரு முட்டை 8 லிட்டருக்கு மேல் கொள்ளும். அதைக் கண்ட மாலுமிகளின் பேச்சிலிருந்து ருக் பறவைக் கதை வளர்ந்திருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. ஆனால் அந்தப் பறவையால் பறக்கவே முடியாது! முட்டை உண்மை, யானையைத் தூக்கியது கற்பனை.

ஐரோப்பாவும் இதே அளவுகோலைத்தான் எடுத்தது. 1515ஆம் ஆண்டு குஜராத் சுல்தான் போர்த்துக்கீசியருக்குப் பரிசளித்த ஒரு காண்டாமிருகம் கோவாவிலிருந்து கப்பலேறி லிஸ்பன் போய்ச் சேர்ந்தது. யானைக்குக் காண்டாமிருகம் பரம எதிரி என்று பழைய ரோமானிய நூல்கள் கூறியிருந்தன. அதைச் சோதிக்க மன்னர் மனுவேல் இரண்டையும் மோதவிட ஏற்பாடு செய்தார். கூட்டத்தின் இரைச்சலில் மிரண்டதோ என்னவோ, இளம் யானை ஓடிவிட்டது. பழைய நூல் மெய்யாயிற்று என்று எல்லோரும் நம்பினார்கள்.

அந்தக் காண்டாமிருகத்தை நேரில் காணாமலேயே, பிறர் அனுப்பிய குறிப்பையும் கோட்டுப்படத்தையும் கொண்டு ஜெர்மானிய ஓவியர் ட்யூரர் ஒரு மரச்செதுக்குப் படம் செய்தார். தோல் மடிப்புகள் போர்வீரனின் இரும்புக் கவசமாகிவிட்டன. தோளில் இல்லாத ஒரு சிறு கொம்பும் முளைத்தது. படத்தின் மேல் இது யானையின் கொடிய பகைவன் என்ற குறிப்பும் அச்சாயிற்று. ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பாவின் விலங்கியல் நூல்களில் இந்தக் கவசக் காண்டாமிருகமே உலவியது. உண்மையான விலங்குகூடக் கேள்வி வழியே பயணம் செய்தால் பாதி யாளியாகிவிடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

யாளியைப் போன்ற ஒரு விலங்கு இருக்க முடியுமா? இதற்கு இயற்பியல் ஒரு விடை தருகிறது. அந்த விடைக்கு வழிகாட்டியவர் கலிலியோ. 1638இல் வெளியான தம் நூலில், ஒரு விலங்கைப் பெரிதாக்கினால் அதன் எலும்பையும் அதே அளவில் பெரிதாக்கினால் போதாது என்று படம் வரைந்தே காட்டினார்.

காரணம் எளியது. ஒரு விலங்கின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரு மடங்காக்கினால் அதன் எடை 2 × 2 × 2 = 8 மடங்காகும். ஆனால் எலும்பும் தசையும் தாங்கும் வலிமை அவற்றின் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. அது 2 × 2 = 4 மடங்குதான் ஆகும். எட்டு மடங்கு சுமையை நான்கு மடங்கு வலிமை தாங்கவேண்டும்.

இப்போது ஓர் ஆண் புலியை 200 கிலோகிராம் என்றும், ஓர் ஆண் யானையை 4000 கிலோகிராம் என்றும் கொள்வோம். யானையோடு சரிக்குச் சரி நிற்கப் புலியின் எடை 20 மடங்கு ஆகவேண்டும். அதற்கு அதன் நீள, அகல, உயரங்கள் ஏறத்தாழ 2.7 மடங்கு ஆனால் போதும். அப்போது எலும்பின் குறுக்குப் பரப்பு 2.7 × 2.7, அதாவது சுமார் 7.3 மடங்குதான். எடை 20 மடங்கு, வலிமை 7.3 மடங்கு. எலும்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்பைவிட 2.7 மடங்கு சுமை தாங்கவேண்டும்.

இந்த விலங்கு பிழைக்க ஒரு வழி உண்டு. கால்களைத் தடியாக்கிக்கொண்டு, மடக்காமல் தூண்போல் நிறுத்தி, பாய்வதை விட்டுவிட வேண்டும். அப்படி ஒரு விலங்கு ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் யானை! வேகமாக ஓடும்போதும் யானை நான்கு கால்களையும் ஒருசேரத் தரையிலிருந்து எடுப்பதில்லை, குதிப்பதும் இல்லை.

ஆகவே பாயும் அளவுக்கு இலேசான விலங்கு யானையைத் தூக்க முடியாது. தூக்கும் அளவுக்குப் பெரிய விலங்கு பாய முடியாது. தூணில் நிற்கும் யாளி இரண்டையும் செய்கிறது. கல்லில் அதற்குத் தடை இல்லை, காட்டில் உண்டு. பறவைக்கு இந்தத் தடை இன்னும் கடுமையானது. இன்று பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவைகூட ஏறத்தாழ 20 கிலோகிராம்தான் இருக்கும்.

தமிழகத்தில் யாளியின் எலும்போ பல்லோ எதுவும் கிடைக்கவில்லை. அது அற்றுப்போன தொன்மையான விலங்கு என்று இப்போது பலர் உறுதியாகப் பேசக் கேட்கிறோம். அதில் நம் முன்னோர்க்குப் பெருமை இருப்பதாகவும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்டதைச் செதுக்குவதைவிடக் காணாததைக் கண்முன் நிறுத்துவதற்கு அறிவு அதிகம் வேண்டும். யாளியை வெறும் விலங்காக்கினால் அந்த அறிவைத்தான் குறைத்துச் சொல்கிறோம்.

யானை எதற்கு அஞ்சும்?

அப்படியானால் யானைக்கு அச்சமே கிடையாதா? உண்டு. விவேக் துப்பில், ரிச்சர்டு காஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் தென்னிந்தியாவில் ஒரு சோதனை செய்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். யானைகள் இரவில் விளைநிலத்துக்கு வரும் பாதைகளில் அகச்சிவப்புக் கதிர்களைக் குறுக்கே அமைத்தார்கள். யானை கதிரைக் கடந்தால் மறைத்துவைத்த ஒலிபெருக்கியிலிருந்து புலியின் உறுமலோ சிறுத்தையின் உறுமலோ எழும்.

சிறுத்தையின் உறுமல் கேட்டபோது யானைகள் பிளிறின, நின்று ஆராய்ந்தன, பிறகு விலகின. புலியின் உறுமல் கேட்டபோதோ சத்தமே இல்லாமல் பின்வாங்கின. வளர்ந்த யானையைப் புலி எளிதில் வெல்லாது. ஆனால் கன்றைக் கொல்லும். அந்த வேறுபாட்டை யானை அறிந்திருக்கிறது.

இரவில் புலியின் குரல் கேட்டு ஒரு யானைக் கூட்டமே ஓசையின்றிக் கலைவதைப் பரண்மேல் இருந்து கவனித்த ஒரு தினைப்புனக் காவலனை எண்ணிப் பாருங்கள். ‘இந்த மலையையே அசைக்கும் யானை அஞ்சுகிறதென்றால், அந்த இருட்டில் இருப்பது எப்படிப்பட்டதோ!’ என்று அவன் திகைத்திருக்க மாட்டானா? ஆளி பிறந்த இடம் இப்படிப்பட்ட ஒரு திகைப்பாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம்தான், ஆனால் கணக்கோடு முரண்படாத ஊகம்.

மறுநாள் காலை மாணவர்களோடு காட்டோரம் நடந்தபோது காவலர் ஓரிடத்தில் எங்களை நிறுத்தினார். இரவில் கடந்துபோன யானைகளின் கால்தடங்கள் புழுதியில் தெளிவாக இருந்தன. மேற்கு மலைத் தொடருக்கும் கிழக்கு மலைத் தொடருக்கும் இடையே யானைகள் போய்வரும் பாதை சீகூர் மேட்டுநிலத்தின் வழியே செல்கிறது. தமிழ்நாடு அரசு 2010இல் அதை யானை வழித்தடமாக அறிவித்தது. உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் அந்த அறிவிப்பைச் சரி என்று தீர்ப்பளித்தது.

தீர்ப்பு வந்த மூன்று மாதங்களில், 2021 ஜனவரியில், இதே மசினகுடியில் காயம்பட்டுத் திரிந்த ஓர் ஆண் யானை, தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டுசெல்லும் வழியில் இறந்தது. அதன்மேல் எரியும் பொருள் வீசப்பட்டதையும், தலையில் தீயோடு அது இருட்டில் ஓடியதையும் காட்டும் படக்காட்சி அடுத்த சில நாட்களில் வெளியாயிற்று. உங்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள்.

கேள்வி கேட்ட மாணவியிடம் காவலர் இதைத்தான் சொன்னார். “யானை பயப்படுற மிருகம் எதுன்னு கேட்டீங்களேம்மா. இப்ப அது நம்மளப் பாத்துத்தான் அதிகமாப் பயப்படுது.” அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது யாளித் தூணின் முன் சற்று நில்லுங்கள். வாயில் உருண்டை இருந்தால், பல்லிடுக்கின் அகலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு குனிந்து அதன் காலடியைப் பாருங்கள். அங்கே இருக்கும் சின்னஞ்சிறு யானைதான் அந்தத் தூணிலேயே உண்மையான விலங்கு. நம் புலவர்களும் சிற்பிகளும் வலிமைக்கு அளவுகோலாக அதைத்தான் எடுத்தார்கள். யாளி போனால் கல்லில் மீண்டும் செதுக்கிக்கொள்ளலாம். யானை அப்படியன்று.